ஒரே குத்து அக்காவின் ஆரஞ்சு மரம்

இலையைப் பார்ப்பதற்கு முன்னால் கிளையை இரண்டு விரலால் தட்டிப் பார்த்தாக வேண்டும் அக்காவுக்கு. விடிந்தும் விடியாத நேரத்தில் தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் வந்தால், எலுமிச்சைக்கு இரண்டு தட்டு, நாரத்தைக்கு இரண்டு தட்டு. தட்டிய இடத்தை லேசாக அழுத்தியும் பார்ப்பாள். மரத்துக்கு நரம்பா இருக்கிறது, தட்டினால் புடைத்துக்கொண்டு வர? "கை பழகிப்போச்சு, என்ன பண்றது" என்பாள். கையில் எப்போதும் ஓர் இடுக்கி இருக்கும். இளம் இலைகளின் மேல் பறவை எச்சம் போலவே ஒட்டிக்கொண்டு கிடக்கும் சில புழுக்கள். பார்ப்பவர்கள் எச்சம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். அக்காவிடம் அந்தப் பருப்பு வேகாது. "எச்சம்னா இந்நேரம் காஞ்சிருக்கணும். நீ மட்டும் என்னடா பளபளன்னு?" என்று கேட்டபடி இடுக்கியால் எடுப்பாள். கொல்லமாட்டாள். நாரத்தையில் ஒரு கிளையைப் புழுக்களுக்கென்றே எழுதி வைத்திருக்கிறாள். "அதுவும் நாளைக்குப் பட்டாம்பூச்சியாகி நாலு இடம் போகணும்ல. தின்னட்டும். ஆனா சொன்ன இடத்துல தின்னணும்."

பகலில் அவளுக்கு ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை. வருகிறவர்களின் கையில் ஊசி ஏற்றி ரத்தம் எடுக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக எடுக்கிறாள். ஒரு முறை குத்தினால் குத்தியதுதான், இரண்டாவது குத்து என்ற பேச்சே கிடையாது. குண்டுக் கை, எலும்பும் தோலுமான கை, பயத்தில் நரம்பு ஒளிந்துகொண்ட கை, எதுவானாலும் சரி. அதனால் அங்கே எல்லோரும் அவளை "ஒரே குத்து அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்கள்கூடத் தங்களுக்கு ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் அவள் ஷிப்டுக்காகக் காத்திருப்பதுண்டு. இந்தப் பெருமையை அவள் வெளியே சொல்லிக்கொள்வதில்லை, ஆனால் அடுத்த மேஜையில் யாராவது இரண்டாவது முறை ஊசியை எடுத்தால் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு ஊசியே தேவலை.

இப்படிப்பட்டவளிடம் ஒரு குறை இல்லாமல் இருக்குமா? தப்பு என்பது அடுத்தவர்கள் செய்வது என்பது அக்காவின் சித்தாந்தம். பால் பொங்கி வழிந்தால் அடுப்பு சரியில்லை. பஸ்ஸைத் தவறவிட்டால், "இன்னிக்கு பஸ் முந்தி வந்துடுச்சு." சட்டையில் இஸ்திரிப் பெட்டி தடம் பதித்துவிட்டால் துணி மட்டம். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இந்த விஷயத்தில் அவர் வாயைத் திறப்பதில்லை. நாள் முழுக்க இரண்டு மாடிக்கு நடுவே தொங்கிக்கொண்டு வேலை செய்கிற மனுஷனுக்கு வீட்டிலாவது கால் தரையில் நிற்க வேண்டாமா?

தோட்டம் என்று அவள் பெருமையாகச் சொல்வது, பின்சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே பத்தடி அகலத்தில் ஒரு மண் கீற்று. இரண்டு எலுமிச்சை, ஒரு நாரத்தை, பழைய தண்ணீர்த் தொட்டியில் ஒரு சாத்துக்குடி. மரங்களையும் அவள் ரிப்போர்ட் படிப்பது போலத்தான் படிப்பாள். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், "இரும்புச்சத்து கம்மி." எறும்பு வரிசையாகத் தண்டில் ஏறினால், "எறும்பு சும்மா ஏறாது. மேல எவனோ விருந்து வைக்கிறான், பாரு." இலையைத் திருப்பினால் செதில் பூச்சி அப்பிக்கொண்டிருக்கும். சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஊசி போடுவதற்கு முன் தோலைத் துடைக்கிற அதே சுற்றில், ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள்.

இந்த நான்கையும் தவிர ஐந்தாவதாக ஓர் ஆரஞ்சு மரம் உண்டு. அதைச் சொல்லாமல் அக்காவைச் சொல்லி முடிக்க முடியாது. அது வீட்டுக்காரருடையது. கல்யாணமான நாளாக அவர் தனக்கென்று ஆசைப்பட்டுக் கேட்ட பொருள் அது ஒன்றுதான். இந்த வீட்டுக்குக் குடிவந்த வாரமே ஒட்டுக் கன்றாக வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்தார். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் குழாயைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து நான்கு நிமிஷம் தண்ணீர் விடுவார். எட்டு வருஷம் காய்த்தது. முதல் பழத்தை உரித்து, சுளைகளை எண்ணி, பாதியை அக்காவுக்குக் கொடுப்பார். ஒற்றைப்படையாக வந்தால் கூடுதல் சுளை அவளுக்கு.

அந்த மரத்தின் அடித்தண்டில், தரையிலிருந்து ஒரு சாண் மேலே, முட்டி போல ஒரு வீக்கம் இருந்தது. ஒட்டுக் கட்டிய எல்லா மரத்துக்கும் அது இருக்கும். கீழே ஒரு ஜாதி, மேலே ஒரு ஜாதி, இரண்டும் சேர்ந்த இடம் அது. அக்காவுக்கு அது தெரியாது. வீக்கம் என்றால் வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதுதான் தெரியும். வீட்டுக்காரர் வெளியூரில் வேலையாக இருந்த ஒரு வாரத்தில், நல்ல மண்ணும் தொழுவுரமும் கலந்து அந்த வீக்கம் மறையும்வரை குவித்து, மெழுகி, தட்டிவிட்டாள். பார்க்க லட்சணமாக இருந்தது. ஆறு மாசத்தில் தண்டிலிருந்து பிசின் வடிந்தது. இலை பழுத்தது. ஒரு வருஷத்துக்குள் மரம் பட்டுப்போயிற்று. அக்கா மரத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "அளவில்லாம தண்ணியை விட்டுட்டீங்க. வேர் அழுகிப்போச்சு."

அவர் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். நான்கு வருஷமாக எந்தச் செடிக்கும் அவர் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. தோட்டத்துக்கு வந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு வந்த விருந்தாளி போல நின்றுவிட்டுப் போவார். "எனக்கு ராசியில்லாத கை" என்று ஒரே ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார்.

பட்ட மரத்தை வெட்டிய பிறகு, அடியிலிருந்து தளிர் ஒன்று கிளம்பியது. அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "மரத்தை நான் பொழைக்க வெச்சுட்டேன்!" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் இழுத்துவந்து காட்டினாள். தளிர் மளமளவென்று வளர்ந்தது. விரல் நீளத்துக்கு முள். ஒரு காம்புக்கு மூன்று மூன்று இலை. முன்பு ஒற்றை இலைதானே என்று நாத்தனார் கேட்டதற்கு, "என் உரம் அப்படி. ஒண்ணு விடுற இடத்துல மூணு விடுது" என்றாள். நாத்தனார் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். நான்காவது வருஷம் காய்த்தது. உருண்டையாய், நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிதாய், மேலே பூனை முடியோடு. ஒன்றைப் பறித்து வாயில் வைத்தவள் அரை மணி நேரம் வாய் கொப்பளித்தாள். "முதல் காய்ப்பு. போகப்போக இனிக்கும்" என்றாள்.

சென்ற மாதம் நர்சரிக்காரர் ஒருவர் சர்க்கரை பார்க்க வந்தார். கையைத் துடைத்து, நரம்பைத் தட்டி, ஊசியை வைத்துக்கொண்டே அக்கா தன் மரத்தின் பெருமையை எடுத்துவிட்டாள். அவர் குறுக்கே கேட்டார். "மூணு இலை சேர்ந்து இருக்குமே? முள் நீட்டமா?"

"ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது உங்க ஆரஞ்சு இல்லம்மா. ஒட்டுக்குக் கீழே இருந்த அடிச்செடி. மேல் மரம் செத்துப்போச்சு, கீழே இருந்த காட்டுச்செடி முளைச்சு வந்திருக்கு. ஒட்டுக்கட்டு மேல யாராவது மண்ணைக் குவிச்சீங்களா?"

அக்கா குழலைப் பார்த்தாள். ஊசி உள்ளே போயிருந்தது, குழலில் ரத்தம் வரவில்லை. இடம் தப்பியிருந்தது. ஊசியை வெளியே எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தி, மறு கையைக் கேட்டு வாங்கினாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் இரண்டாவது குத்து. அடுத்த மேஜைக்காரி எழுந்தே நின்றுவிட்டாள்.

"தினமும் நாலு நிமிஷம் தண்ணி விட்டாரு எங்க வீட்டுக்காரர். அது ஜாஸ்தியானதால இருக்காதா?" என்று போகிறபோது அவரைக் கேட்டாள். குரல் தணிந்திருந்தது.

"நாலு நிமிஷம் குழாய்த் தண்ணியில ஆரஞ்சு சாகாதும்மா. கழுத்து வரைக்கும் மண்ணுல புதைச்சா நீங்களும்தான் சாவீங்க." மனுஷர் பகடியாகத்தான் சொன்னார். பிறகு கையைத் தேய்த்துக்கொண்டே, "அடிச்செடி வீணில்ல. நல்ல ஆரஞ்சுக் குச்சியில இருந்து முளைக்கிற கண்ணு ஒண்ணைச் சீவி, அதுல வெச்சுக் கட்டினா திரும்பவும் உங்க மரம்தான். அதே ஜாதி நம்மகிட்ட இருக்கு, குச்சி தரேன். தனியா மட்டும் பண்ணாதீங்க, ரெண்டு பேர் வேணும்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். அவர் செருப்பைக் கழற்றும்போது சொல்லலாம் என்று நினைத்தாள், சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தாள். வாய் வரவில்லை. மறுநாளும் அதே கதை. சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டாள், உப்பைக்கூடக் குறை சொல்லவில்லை. அவர்தான் பயந்து போய், "உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அந்தக் கை நெற்றியில் பட்டதும், இந்தக் கையையா ராசியில்லாத கை என்று நான்கு வருஷம் நம்ப வைத்தோம் என்று குமைந்தாள். அப்படியும் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு நாள் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நர்சரிக்காரரிடம் முந்தின நாள் வாங்கிவந்த குச்சியோடு தோட்டத்தில் உட்கார்ந்தாள். ஈரத்துணியில் சுற்றிய குச்சி. அதில் மூன்று கண்கள் இருந்தன. தனியாகவே செய்துவிடலாம், யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்பது அவள் கணக்கு. காட்டுச்செடியின் அடியில் சுண்டுவிரல் பருமனான ஓர் இளங்கிளையில், புது பிளேடால் பட்டையைக் கீறித் திறந்தாள். கீறல் அப்படியொரு சுத்தம். ஆனால் பட்டையைப் பிடித்தால் கண் நழுவியது, கண்ணைப் பிடித்தால் கட்டுகிற நாடா நழுவியது. முதல் கண் மண்ணில் விழுந்தது. இரண்டாவது அவள் விரலுக்கிடையிலேயே நசுங்கிற்று. மிச்சம் ஒன்றுதான்.

அதைச் சீவி எடுத்துப் பட்டைக்குள் செருகி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இனி விட முடியாது.

"என்னங்க! கொஞ்சம் இங்க வாங்க. இதைச் சுத்திக் கட்டணும்."

அவர் சமையலறைக் கதவு வரை வந்தார். என்ன செய்கிறாள் என்று பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். "நான் வேணாம்மா. என் கை பட்டு ஒருதடவை ஆனது போதும். இரு, பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிடறேன்."

"அதுக்குள்ள கண்ணு காஞ்சிடும்."

"அதான் சொல்றேன். என்னால அது காய வேணாம்."

திரும்பி நடந்தார். அக்கா அவர் முதுகைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"உங்க கையில ஒண்ணும் இல்லைங்க. மரத்தைக் கொன்னது உங்க தண்ணி இல்ல. நான் குவிச்ச மண்ணு. நீங்க ஊருக்குப் போயிருந்தப்போ குவிச்சேன். தப்பு என்னுது. பழியை உங்க மேல போட்டுட்டேன்."

அவர் நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"பன்னெண்டு நாள் ஆச்சு."

"பன்னெண்டு நாள்." திரும்பி அவளைப் பார்த்தார். குரல் உயரவில்லை. "நான் நாலு வருஷமா லிஃப்ட் குழிக்குள்ள நின்னுகிட்டு யோசிச்சிருக்கேன். ஒரு நிமிஷம் கூடுதலா விட்டுட்டேனோ, கடிகாரம் ஓடாம நின்னுருந்துச்சோன்னு."

"தெரியும். அதை நினைச்சாத்தான் எனக்குத் தாங்கல" என்றாள் அக்கா. கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டும் மரத்தில் இருந்தன.

அவர் படியிறங்கி வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாடாவை எடுத்தார். ஆயிரம் ஒயருக்கு டேப் சுற்றிய கை. கீழிருந்து மேலாக, ஒரு சுற்று மறு சுற்றின் பாதியை மூடும்படி, இழுத்து இழுத்துச் சுற்றினார். கண்ணின் முனை மட்டும் வெளியே தெரிய விட்டார். முடிச்சுப் போட்டு, மிச்ச நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு எழுந்து உள்ளே போனார்.

அக்கா பிடித்த பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தாள். போய்விட்டார், இனி எத்தனை நாள் பேசமாட்டாரோ என்று நினைத்தாள். அது நியாயம்தான் என்றும் தோன்றியது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஒரு செம்பு நிறையத் தண்ணீரோடு வந்தார். மரத்தடியில் குனிந்து, தண்டில் படாதபடி தள்ளிப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது. செம்பு சாயவில்லை.

"எவ்வளவு விடணும்?" என்று கேட்டார்.

எதற்கும் ஓர் அளவு சொல்லிவிடுகிற அக்கா, மரத்திலிருந்து ஒரு கையை எடுத்து, அவர் முழங்கைக்கு அடியில் கொடுத்து, செம்பு சாயும்வரை மெல்ல உயர்த்தினாள்.