மூடக் கூடாத கை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வரிகூட நான் கட்டிவிட்டதில்லை. நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். அன்று தரையில் கிடந்த ரத்தத்தைத் துடைத்தவள் நான்.

டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக எனக்கு ஆறாவது வருடம். வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் மெஷினோடு கட்டிப்போட்டாலும் எங்கள் நோயாளிகள் சிரித்துக்கொண்டுதான் கிடப்பார்கள். எல்லாம் கலாட்டா மாமா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு நோயாளியின் வேலை. "ஏம்மா, ஊசி எனக்கு. உன் மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?" என்று என்னையே வம்புக்கு இழுப்பார். ஆனால் அந்த மாதம் இரண்டு நோயாளிகள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்ததில் எனக்கு வெறுத்தே விட்டது. ராஜினாமா கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்கு வந்தேன்.

மதியம் 2.30. மூன்றாம் கட்டிலில் டீச்சரம்மா குளிரில் வெடவெடத்தார். பாவம் பார்த்து, கழுத்துவரை போர்த்திவிட்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன். ஊசி குத்திய கையை மூடவே கூடாது. ஊசி நழுவினால் மெஷின் கத்தாமலேயே ரத்தம் கொட்டும். சில நிமிடங்களில் ஆளே போய்விடலாம்.

2.41. வாசலில் எடை பார்க்கும் மெஷின் 'பீப்' என்றது. அதன் மேல் கலாட்டா மாமா நின்றிருந்தார். அவர் முறை நாளைக்குத்தானே?

காலில் செருப்பு இல்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை. எடையைப் பார்த்தேன்... 0.0.

சனியன் பிடித்த மெஷின், மறுபடியும் ரிப்பேர் என்று நினைத்தேன்.

"என்ன மாமா, இன்னைக்கு வந்திருக்கீங்க?"

"போர்வைய எடு."

"யாரோட..."

"எடும்மா!"

குரல் என் காதோரம் கேட்டது. அவரோ... அங்கேயே நின்றார்.

மூன்றாம் கட்டிலுக்கு ஓடினேன்.

2.42. போர்வையை இழுத்தேன்.

ரத்தம். மெத்தை முழுக்க, கட்டிலுக்கு அடியிலும்...

மெஷினை நிறுத்தினேன். கையை அழுத்திப் பிடித்தேன். கத்தினேன். டாக்டர் ஓடி வந்தார்.

வாசலில் யாரும் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து டீச்சரம்மா கண் திறந்தார். "ஏன் சிஸ்டர் அழறீங்க?" என்றார். அழுதேனா, சிரித்தேனா, எனக்கே தெரியவில்லை. அப்படி ஒரு சந்தோஷம். இதை விட்டுவிட்டா போகப் பார்த்தேன்? கடிதத்தை அங்கேயே கிழித்துப் போட்டேன்.

மாலை 6.10. மாமாவின் மகள் போன் செய்தாள்.

"அப்பா போயிட்டார் சிஸ்டர். காலையிலேர்ந்து நினைவே இல்ல. திடீர்னு 'போர்வைய எடு, எடு'ன்னு ஒரே புலம்பல். அவர் போர்வைய எடுத்தோம். அப்பவும் நிறுத்தல."

"அப்புறம்?"

"'அவ எடுத்துட்டா'ன்னு சிரிச்சார். மணி ரெண்டு நாப்பத்திரண்டு. அதோட மூச்சு நின்னுடுச்சு சிஸ்டர்..."