மாலை போடாத படம்

கீமோ முடிந்து தலையில் முடி காது வரை வளர்ந்திருந்த ஆனி மாதம், சென்னையில் எனக்கு பெட் ஸ்கேன் எடுத்தார்கள். வருஷம் 2010. எனக்கு இருபத்தொரு வயது. கழுத்தில் வந்த நிணநீர்ப் புற்றுநோய் போய்விட்டதா என்று பார்க்கத்தான். நோய் இருக்கிற இடம் அந்தப் படத்தில் மின்னும். கழுத்து சுத்தமாக இருந்தது. நெஞ்சுக்கு நடுவில் ஒன்று பளிச்சென்று மின்னியது.

புதுச்சேரியில் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் பதறவில்லை. "நெஞ்செலும்புக்குப் பின்னால ஒரு சுரப்பி இருக்கும்மா. சின்ன வயசுக்காரங்களுக்கு கீமோவுல சுருங்கிட்டு, அப்புறம் மறுபடி வளரும். அதுவும் இப்படித்தான் மின்னும். பெரும்பாலும் அதுதான். மூணு மாசம் பொறுத்து இன்னொரு ஸ்கேன் பாத்துடலாம்" என்றார்.

எனக்கு அது போதும். முதுநகரில் எங்கள் வீட்டுக்குப் போதவில்லை. "ஆறுதலுக்குச் சொல்றாரு" என்று முடிவு கட்டிவிட்டார்கள். மறுநாளே ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வர ஆரம்பித்தன. கொண்டுவந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, அடுப்படியில் போய் அம்மாவோடு அழுதார்கள். உயிரோடு இருப்பவளுக்குத் துக்கம் விசாரித்த கூட்டம் அது.

அந்த வாரமே சிதம்பரத்திலிருந்து தாய்மாமா வந்தார். தையில் நடக்கவிருந்த அண்ணன் கல்யாணத்தை ஆவணிக்கு மாற்றிவிட்டுப் போனார். மண்டபம் கிடைத்துவிட்டதாம். எனக்கு ஸ்கேன் படிக்கத் தெரியாது. சொந்தக்காரர்களைப் படிக்கத் தெரியும். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கிடையாது. நான் போவதற்குள் முடித்துவிடப் பார்த்தார்கள்.

போன் போட்டுக் கேட்டேன். "மாமா, நான் செத்துட்டா கல்யாணம் தள்ளிப்போயிடும்னுதான மாத்துனீங்க?"

"அப்படிலாம் பேசாத கண்ணு. நீ கண்ணால பாத்துடணும்னுதான்..."

"தையிலயும் எனக்கு இதே கண்ணுதான் மாமா இருக்கும்" என்று வைத்துவிட்டேன். கோபம் மட்டும் இல்லை. பயமும்தான், டாக்டர் 'பெரும்பாலும்' என்றுதானே சொன்னார்.

கல்யாணம் சிதம்பரத்தில் நடந்தது. மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடுவது எங்கள் வழக்கம். "உனக்கு முடியலன்னா சித்தி போடட்டுமே" என்றாள் அத்தை ஒருத்தி. நானேதான் போட்டேன், நன்றாக இறுக்கி.

போட்டோக்காரர் என்னை விடவில்லை. தனியாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, "நேராப் பாருங்க, லேசா சிரிங்க" என்றார்.

"பொண்ணு மாப்பிள்ளைய எடுங்கண்ணே. என்னை எதுக்கு?"

"மாமாதான் சொன்னாரு. மார்பளவுல நல்லதா ஒண்ணு வேணுமாம்."

மாலை போட்டு மாட்டுவதற்கான படம். லேசாகவெல்லாம் சிரிக்கவில்லை. முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தேன்.

புரட்டாசியில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்சில் மின்னியது மங்கிப்போயிருந்தது. "அந்தச் சுரப்பிதாம்மா. நோய் இல்ல" என்றார் டாக்டர். செத்துவிடுவேன் என்று ஊரே அழுதது, என் உடம்பு திரும்ப வளர்ந்ததைப் பார்த்துத்தான்.

மாமா வீட்டுக்குப் போய்ப் படத்தைக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தயாராகவே வைத்திருந்தார். அதை எங்கள் கூடத்தில் மாட்டினேன். மாலை கிடையாது. மாமா வந்தால் அதற்கு நேர் எதிரேதான் நாற்காலி போடுவேன். அவர் காபி குடித்து முடிக்கும் வரை முப்பத்திரண்டு பல்லும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.