டீச்சர் லாரிக்குப் போட்ட டர்போ

பிரித்துப் போட்ட இன்ஜினை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகியபடி டீச்சர் என் முன்னால் வந்து நின்ற காலைப்பொழுது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. குலசேகரத்தில் நான் பட்டறை போட்ட புதிது. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, கணவரின் பழைய லாரியை டிரைவர் வைத்து, தோட்டங்களில் வெட்டிய ரப்பர் மரத்தடி ஏற்ற விட்டிருந்தார் அவர். “பழையபடியே கம்பெனி சாமான் போட்டுருவோம் டீச்சரே, வம்பில்ல” என்றேன். அவருக்கோ வெளியில் செய்த டர்போ வேண்டும், அது தரும் கூடுதல் இழுவை வேண்டும்.

“கம்பெனிக்காரன் நம்ம தோட்டத்து ஏத்தத்தக் கண்டானா?” என்றார்.

நான் கண்டிருந்தேன். பள்ளத்தில் தடி ஏற்றிய லாரி அந்த ஏற்றத்தில் ஏறித்தான் ரோட்டுக்கு வர வேண்டும். பாதியிலேயே திணறி நின்றுவிடும். அதனால் சுமைக்காரர்கள் கீழேயே இறங்கி, சக்கரத்துக்கு அடை கொடுக்கக் கட்டையோடு பின்னால் நடப்பார்கள். அப்படி நடந்த ஒரு மழைநாளில் லாரி பின்னோக்கிச் சரிந்து, அவர்களோடு வந்த டீச்சரின் கணவருக்கு ஒரு கால் போயிற்று.

“வண்டிக்குப் பின்னால இனி ஒருத்தனும் நடக்கப்பிடாது தம்பி” என்றார் டீச்சர்.

அதற்குமேல் என்ன வாதாட? ஆனால் நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை. டர்போவை மட்டும் மாட்டினால் இன்ஜின் சூட்டில் வெந்துபோகும். அதைத் தாங்கும் பிஸ்டன், பெரிய ரேடியேட்டர், கனத்த கிளட்ச், நல்ல பிரேக் எல்லாம் சேர்ந்தால்தான் கை வைப்பேன் என்றேன். “பின்னே, பாதி வேலைக்கா உன்னத் தேடி வந்தேன்?” என்றார் டீச்சர். இன்றைக்கு செல்போனில் படம் காட்டி டர்போ கேட்டு வருபவர்களிடம், வண்டி எங்கே போகிறது என்றுதான் முதலில் கேட்கிறேன். ஊர் சுற்றத்தான் என்றால் கம்பெனி சாமானே தாராளம் என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.

முதல் லோடு வந்த அன்று டீச்சரும், ஊன்றுகோலோடு அவர் கணவரும், நானும் ஏற்றத்தின் உச்சியில் நின்றோம். கீழே லாரி வந்ததும், பழக்கதோஷத்தில் சுமைக்காரர்கள் கட்டையோடு குதித்து இறங்கினார்கள். லாரி எங்கும் நிற்கவில்லை. அவர்களை அப்படியே விட்டுவிட்டு விறுவிறுவென்று ஏறி ரோட்டுக்கு வந்துவிட்டது. கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்களை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே அவர்கள் ஓடிவருவதைப் பார்த்து எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. டீச்சரும் சிரித்தார். அவர் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. மூச்சிரைக்க வந்து நின்றவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சத்தம் போட்டார்:

“ஏலே மக்கா, இனி ஒருத்தனும் எறங்காண்டாம். உள்ளயே இருந்து வாங்க.”