பவர் மீற்றர் தெரிவு செய்து தந்த அண்ணை

பெடலை எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்று காட்டும் பவர் மீற்றரை எனக்குத் தெரிவு செய்து தந்தவர், என்னோடு சைக்கிள் ஓடும் சிவா அண்ணை.

“எதிர்காத்திலை நீ முன்னுக்கு ஓடு தம்பி. அப்பத்தான் பவர் ஏறும்,” என்றார்.

நானும் விசரன் மாதிரிச் சோளகக் காற்று வீசிய காலம் முழுக்க முன்னால் ஓடினேன்.

இன்று கொடிகாமத்தில் இருந்து திரும்பும் வழியில் பிளேன்ரீ குடிக்க நின்றபோது அவருடைய மீற்றரைப் பார்த்தேன். அதில் காட்டிய பவர் என்னுடையதில் முக்கால்வாசிகூட இல்லை.

“அண்ணை, ரெண்டு பேரும் ஒண்டாத்தானே வந்தனாங்கள்?”

“ஓம். உன்ரை முதுகுக்குப் பின்னாலை காத்தே இல்லையடா!”

சிரித்தார். தேநீர் கசந்தது.

நாளைக் காலையும் ஓடுகிறேன். முதுகு அகன்ற நண்பர்கள் யாராவது வருகிறீர்களா? நல்ல பவர் மீற்றர் ஒன்று நானே தெரிவு செய்து தருகிறேன்.