காலையில் குறையும் டீசல்

பெரியநாயக்கன்பாளையத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். மீட்டர் வேலை என்றால் பலரும் தலைதெறிக்க ஓடுவார்கள், எனக்கு அதுதான் பிடிக்கும். இந்த ஒரு வேலையை நினைத்தால் மட்டும் இன்றும் மனசு சங்கடப்படுகிறது.

பெருந்துறையிலிருந்து பொன்னுசாமி அண்ணன் மூக்கு வைத்த பழைய லாரி ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா வாங்கிய முதல் வண்டி. விற்க மனமில்லாமல் தேங்காய் லோடுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் அரை டேங்க் காட்டுகிற முள் காலையில் கால் டேங்குக்கு இறங்கிவிடுகிறது என்றார். வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டேன்.

"என்ற பையன்தான் தம்பி. அவன் டீசல எடுக்கமாட்டான். மீட்டர்லதான் என்னமோ கோளாறு."

டேங்குக்குள் அளவு பார்த்து மீட்டருக்குச் சொல்லும் டேங்க் யூனிட்டைக் கழற்றினேன். டீசலில் மிதக்கும் பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே டீசல் குலுங்கியது. வெந்நீரில் அமுக்கியதும் அடியில் ஈயம் பற்றவைத்த இடத்தில் குமிழி வந்தது. ஊசிமுனை ஓட்டை. பகல் சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து டீசலை வெளியே தள்ளும், ராத்திரி குளிர்ந்ததும் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஃப்ளோட் கனத்து இறங்க, முள்ளும் கூடவே இறங்கும். டேங்கில் டீசல் என்னவோ அப்படியேதான் இருக்கும்.

சொன்னதும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். பையனுக்கு முன்பு அந்த வண்டியைப் பல வருஷம் ஓட்டியவர் ஆறுமுகம். இதே குறைக்காக, டீசல் திருடுகிறான் என்று நாலு பேர் முன்னால் சொல்லி அவரை அனுப்பியிருக்கிறார் அண்ணன். அதற்கப்புறம் அந்த வட்டாரத்தில் யாரும் அவரிடம் வண்டி கொடுக்கவில்லை.

ஓட்டையை ஈயம் வைத்து அடைத்து யூனிட்டை மாட்டினேன். ஆறுமுகத்தைப் பார்க்கப் போகலாம், நீயும் வா என்று அண்ணன் கூப்பிட்டார். தனியாகப் போக அவருக்குத் தைரியமில்லை.

ஆறுமுகம் ஒரு மில் கேட்டில் வாட்ச்மேனாக இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து கும்பிட்டு, தன் நாற்காலியைத் துடைத்து அண்ணனுக்குப் போட்டார். ஃப்ளோட் விஷயத்தை நான்தான் விளக்கினேன். தப்பு நடந்துவிட்டது, மறுபடியும் வண்டிக்கு வந்துவிடு என்று அண்ணன் தலைகுனிந்தபடி சொன்னார். ஆறுமுகம் நின்றபடியே சொன்னார்.

"டேங்குல குச்சி உட்டு அளந்து பாருங்கன்னு நானுந்தான் கெஞ்சுனேனுங்க. உங்க பையன் ஓட்டப் போயித்தானுங்க முதலாளி, மீட்டரு மேல சந்தேகம் வந்துச்சு."

எங்களை டீ குடிக்கவைத்துத்தான் ஆறுமுகம் அனுப்பினார். வண்டிக்கு மட்டும் வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். டீசல் குறைகிறது என்று யார் வந்தாலும் முதலில் டேங்கில் குச்சி விட்டு அளந்து காட்டுங்கள். அதுவரை எந்த டிரைவர் பேரையும் எடுக்கவிடாதீர்கள். அந்த ஃப்ளோட்டை அரைமணி நேரத்தில் சரிசெய்துவிட்டேன். ஆறுமுகத்துக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.