நான் இறங்க மறுத்த கரை

தொண்ணூறுகளின் நடுவில், வடக்கு ஜெர்மனியின் கடலோரத்தில் ஓர் அகதி விடுதியில் இருந்தேன். அகதி வழக்கு முடியும்வரை விடுதி இருக்கும் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது என்று என் அனுமதிக் கடதாசியில் எழுதியிருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். டொச் என்கிற ஜெர்மன் மொழியில் எனக்கு முழுதாக விளங்கிய வசனம் அது ஒன்றுதான். தாண்டினால் பிடிப்பார்கள், பிடித்தால் கேஸ் பழுதாகும், பழுதானால் திருப்பி அனுப்புவார்கள். இதை நினைக்காமல் நான் பஸ் ஏறியதில்லை.

எங்களுக்காக அலுவலகங்களுக்கு அலையும் தேவாலயத்து அம்மா ஒருவர், அரைநாள் உலாவுக்கு வரச்சொன்னார். அவரிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சிவப்புத் தொப்பி போட்ட வழிகாட்டி ஒருவர் எங்களைப் பைன் காட்டுக்குள்ளால் இரண்டு மணித்தியாலம் நடத்தினார். சித்திரை மாதம், மர நிழல்களில் இன்னும் பனி கிடந்தது. பிறகு நாணல் நிறைந்த கடலேரியில் சிறு தோணிகளில் ஏற்றினார்.

என் தோணியில், எனக்கு முன்னால் எங்களோடு வந்த மன்னார் அண்ணை துடுப்புப் போட்டார். ஊரில் கடற்றொழில் செய்தவர். வழக்கு வென்று, எங்கும் போய்வரலாம் என்ற பாஸ் எடுத்தவர். நடு ஏரியில் வழிகாட்டி அக்கரையைக் காட்டி ஏதோ சொன்னார்.

"அங்கதான் தேத்தண்ணியாம்," என்றார் அண்ணை.

அக்கரைத் தேவாலயக் கோபுரம் எனக்குத் தெரியும். அந்த ஊர் அடுத்த மாவட்டம்.

"அண்ணை, எனக்கு அங்க இறங்க ஏலாது. தோணியைத் திருப்புங்கோ."

"நடுத்தண்ணியில வச்சோ உனக்கு இது ஞாபகம் வந்தது? குதிச்சு நீந்து, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை."

எனக்கு நீந்தத் தெரியாது. துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கரை வந்ததும் எல்லாரும் இறங்கினார்கள். நான் நாணலைப் பிடித்தபடி தோணிக்குள்ளேயே இருந்தேன். தண்ணீருக்கு மாவட்டம் கிடையாது என்பது என் கணக்கு. கீழ்ப்பலகையில் தேங்கிய குளிர்த்தண்ணீர் சப்பாத்துக்குள் ஏறிப் பாதத்தை நனைத்தது. அரைமணித்தியாலம் அசையவில்லை. தேநீரோடு வந்த வழிகாட்டிக்கு அண்ணை விஷயத்தைச் சொன்னார். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு காட்டுப் பக்கம் கைகாட்டிச் சொன்னதைக் கேட்டு அண்ணைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"காட்டுக்குள்ள ஒரு மரப்பாலம் தாண்டினமெல்லோ? அதுதானாம் எல்லை. இந்த ஏரி முழுக்க மற்ற மாவட்டம். விடியவே நீ களவாத் தாண்டியாச்சு. இறங்கடாப்பா, தேத்தண்ணி ஆறுது."

இறங்கினேன். தேநீரை வாங்கிக் கீழே வைத்தேன்.

"அண்ணை, திரும்பிப் போக வேற வழி இருக்கோ?"

"இல்லை. அதே பாலம்தான்."

பின்னேரம் அந்தப் பாலத்தில் கால் வைத்தபோது, எதிரே ஒரு முதியவர் நாயோடு வந்தார். எங்களைப் பார்த்து வணக்கம் சொன்னார். என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய், கடதாசியை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டது. அவர் ஒன்றும் விளங்காமல், மரியாதைக்காக மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.