இறந்தவர் நூகு லெப்பை அல்ல

செய்தி எஸ்.எம்.எஸ்.ஸில் வந்தது. "நூகு லெப்பை மவுத். அசர் தொழுகைக்குப் பின் ஜனாஸா, அடக்கம்." நான் ஆபீஸில் மாதக் கடைசிக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நூகு லெப்பை என்பவர் உவைஸ் காக்காவின் தகப்பனார். கீழக்கரையில் இருக்கிறார், தொண்ணூறைத் தாண்டியவர். சரி, கல்யாணச் சாவு, காக்கா ஊருக்குக் கிளம்பியிருப்பார் என்று அவருடைய மொபைலுக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. ஏர்போர்ட் வரிசையில் நிற்பார், நின்ற இடத்தில் யாருடனாவது வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மாலை ஷார்ஜா ரோலாவில் அவருடைய கடைக்குப் போனேன். லீவில் ஊருக்குப் போகிறவர்களுக்குச் சூட்கேஸ் விற்கிற கடை. ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து மொபைல் கடை மலையாளிதான் சொன்னார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி, அன்றைக்கே அடக்கம். போனது தகப்பனார் அல்ல, காக்கா. எஸ்.எம்.எஸ். அனுப்பியதும் இவர்தான். பாஸ்போர்ட் காப்பியில் முதலில் எந்தப் பெயர் இருந்ததோ அதைப் பார்த்து அடித்திருக்கிறார். "அதல்லே சேட்டா அவருடே பேரு?" என்று என்னையே கேட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்த ஒரு தப்பைப் பற்றிப் பேசிப் பேசியே நம் எல்லோருடைய உயிரையும் வாங்கிய மனிதர், கடைசியில் அதே தப்பில் போய்ச் சேர்ந்தார். அதனால் நான் அவருடைய அடக்கத்துக்குப் போகவில்லை. உங்களில் பாதிப் பேரும் போகவில்லை என்று பிறகு தெரிந்தது.

நம் தமிழ் வட்டத்தில் அவரிடம் திட்டு வாங்காதவர் இல்லை. என்னை முதலில் திட்டியது கூப்பிட்ட விதத்துக்காக. "பாய்" என்றேன். "இங்க டாக்ஸிக்காரனும் பாய், காய்கறிக்காரனும் பாய். எங்க ஊருல மூத்தவரைக் காக்கான்னு சொல்லுவோம். அப்படிச் சொல்லுங்க" என்றார். எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் காக்கா என்றால் சோறு வைத்துக் கூப்பிடுகிற பறவை. சிரிப்பை அடக்கிக்கொண்டு கூப்பிடப் பழகினேன். அடுத்ததாக என் விசிட்டிங் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: "இதுல எது உங்க பேரு?"

என் பெயர் சேகர். அப்பா முத்துக்கருப்பன். ஊரில் மு. சேகர். பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், அப்பா முன்னால் வந்து நின்றுவிட்டார். இங்கே வந்து இறங்கியதும் முன்னால் நிற்கிறவர்தான் ஆள் என்று வைத்துக்கொண்டார்கள். ஆபீஸில் என்னை முத்து என்கிறார்கள். அது என் பெயரே அல்ல, என் அப்பா பெயரில் பாதி. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டேன். காக்காவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. உயிரோடு இருக்கும்போது பரவாயில்லை, செத்த பிறகு உங்களை எந்தப் பெயரில் தேடுவார்கள் என்று அப்போதே சண்டைக்கு வந்தார்.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து பிடித்தது என்றால், நம் ஆண்டு மலரிலிருந்து. இந்த வளைகுடாக் கரைக்கு முதலில் வந்த தமிழர் யார் என்று ஒரு கட்டுரை போடலாம் என்றோம். உடனே இரண்டு குடும்பங்கள், எங்கள் தாத்தாதான் முதலில் லாஞ்சுப் படகில் வந்து இறங்கினார் என்று வரிந்து கட்டிக்கொண்டு நின்றன. கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கிய காக்கா சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "வந்தவன் எல்லாம் நான்தான் முதல்லன்னு சொல்லுவான். ஊருக்குத் திரும்பாதவன் யாருன்னு பாருங்க. அவன்தான் குடியேறினவன். மத்தவனெல்லாம் லீவுல வந்துட்டுப் போனவன்." திரும்பாதவனை எங்கே பார்ப்பது? மையவாடியில். அடக்கம் செய்த இடத்து ஏடுகளில். கட்டுரை எழுதும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். மலர் வந்து, அடுத்த மலரும் வந்தது. கட்டுரை வரவில்லை.

என் வெள்ளிக்கிழமைகள்தான் போயின. அவருக்கு டிரைவிங் டெஸ்ட் பாஸாகவே இல்லை. டெஸ்ட் எடுக்கிற போலீஸ்காரருக்கே சாலை விதி சொல்லிக்கொடுத்தால் எப்படிப் பாஸாகும்? ஆகவே என் கார். ஜும்ஆ முடிந்ததும் போன் வரும். "பத்தே நிமிஷம்" என்பார். அந்தப் பத்து நிமிஷத்தில் ஷார்ஜாவிலிருந்து துபாய் போய், டிராஃபிக்கில் நின்று, இரண்டு மையவாடி பார்த்து, பொழுது சாய்ந்து திரும்புவோம். வீட்டில் பிரியாணி ஆறிப்போய், என் மனைவியின் முகமும் மாறிப்போயிருக்கும். அங்கேயாவது ஏதாவது எழுதியிருக்குமா? கிடையாது. மண்ணில் நட்ட கல், அதில் ஒரு எண். அவ்வளவுதான். பெயர் எல்லாம் வாசலோர அலுவலகத்து ஏட்டில், அரபியில். அவர் உள்ளே உட்கார்ந்து ஓதுகிற மாதிரி வாசித்துக்கொண்டிருப்பார். நான் காரில் வெந்துகொண்டிருப்பேன். ஒரு நாள் கோபத்தில், இந்த ஏட்டில் என் பெயர் மட்டும் வரவே வராது காக்கா, என்னை விடுங்கள் என்றேன். "ஆமா. செத்தாலும் நீங்க பெட்டியில ஊருக்குப் போயிருவீங்க. உங்களுக்குச் சரித்திரமே கிடையாது" என்றார். ஏசியைக் கூட்டி வைக்கச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து போட்டுப் போனார்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அதிராம்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். அவருடைய வாப்பா லாஞ்சு காலத்தில் வந்து, துபாய் கிரீக் கரையோரம் ரொட்டி விற்று, இங்கேயே இறந்தவர். அந்த அம்மா அப்போது கைக்குழந்தை. எங்கே அடக்கினார்கள் என்று அன்றுவரை தெரியாது. அந்தப் பெயரில் எந்த ஏட்டிலும் ஆள் இல்லை. மாதக்கணக்கில் காரோட்டி அலைந்துவிட்டு நான் கைவிரித்துவிட்டேன். காக்கா மறுபடி அந்த அம்மாவைக் கூப்பிட்டு, உங்க வாப்பாவுக்கு வாப்பா பேர் என்ன என்று கேட்டார். அந்தப் பெயரில் ஏட்டில் ஒருவர் இருந்தார். கல்லும் எண்ணோடு இருந்தது. அதாவது ஏட்டின்படி, ஊரை விட்டே நகராத தாத்தாவை இங்கே புதைத்து வைத்திருந்தார்கள். அந்த அம்மா போனில் அழுதார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவேண்டியதுதானே? இல்லை. லாஞ்சு வந்த வருஷத்தை நீங்கள் தப்பாகச் சொன்னதால்தான் இவ்வளவு தாமதம் என்று அவரையும் கடிந்துகொண்டார்.

அதன் பிறகு கடைக்குச் சூட்கேஸ் வாங்க வருகிறவனைக்கூட விடவில்லை. எது உன் பேர், முதலில் பாஸ்போர்ட்டைச் சரிபண்ணு என்பார். எத்தனையோ பேர் சரிபண்ணினார்கள். ஊருக்குத்தான் உபதேசம்! அவருடைய பாஸ்போர்ட்டில் நூகு லெப்பை முன்னால், முகம்மது உவைஸ் பின்னால். இரண்டு முறை புதுப்பித்தார், மாற்றவில்லை. ஒரு நாள் விடாமல் பிடித்துக் கேட்டேன். அன்றைக்கு மட்டும் குரல் இறங்கியது. "வாப்பா உசுரோட இருக்கையில, அவுக பேரைப் பிடிச்சு நான் எப்படிப் பின்னால தள்ளுறது?" என்றார். இவரை என்ன செய்வது, சொல்லுங்கள்.

துக்கம் கேட்கக் கீழக்கரைக்குப் போன் செய்தேன். அந்தத் தகப்பனாரே எடுத்தார். இங்கிருந்து போன செய்தியால் அவர் வீட்டுக்கு அவர் சாவுக்கே துக்கம் கேட்டு நாலு பேர் போன் செய்திருக்கிறார்கள். பெரியவருக்கு விஷயம் முழுக்கத் தெரிந்திருந்தது. நான் தடுமாறி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நிதானமாகப் பேசினார். "தம்பி, உவைசுங்கிறது நான் வச்ச பேரு. மடியில போட்டு, காதுல பாங்கு சொல்லி வச்சேன். அது அங்க எழுதவே இல்லையாமே. எழுதச் சொல்லுங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "எம் பேரு எனக்கு இன்னும் கொஞ்ச நாளைக்கு வேணும்" என்றார். போனை வைத்த பிறகுதான் அழுதேன்.

மையவாடி அலுவலகத்துக்குப் போனேன். எத்தனை வெள்ளிக்கிழமை வாசலோடு நின்றவன், அன்றைக்கு முதல்முறையாக உள்ளே போய் உட்கார்ந்தேன். பாகிஸ்தான்காரப் பெரியவர் ஒருவர் ஏட்டைப் பார்த்தார். காக்காவை அவருக்குத் தெரியும், நன்றாகவே தெரியும், அவருக்கும் போதும் போதும் என்று ஆகியிருந்தது. பாஸ்போர்ட்டில் முதலில் உள்ள பெயரைத்தான் எழுத முடியும், மாற்றம் மாஃபி, கலாஸ், கிடையவே கிடையாது என்று ஏட்டை மூடிவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் தொழப் போனார், வந்தார், சாயா குடித்தார். நான் அங்கேயே இருந்தேன். கடைசியில் பெருமூச்சு விட்டு ஏட்டைத் திரும்பத் திறந்து, அதில் செருகியிருந்த பாஸ்போர்ட் காப்பியில் விரலை வைத்துக்கொண்டு உருதுவில் கேட்டார்: "அச்சா பாய், இதில் எது அவர் பெயர்?"

"கடைசியில் இருக்கிறதே, அது" என்றேன். ஏட்டில் இருந்த நூகு லெப்பை என்ற வரியை அவர் அடிக்கவில்லை. பக்கத்து ஓரத்தில் சின்னதாக அரபியில் ஒரு சொல் எழுதினார். வாசித்துக் காட்டச் சொன்னேன். உவைஸ் என்றார்.

அன்று மாலையே கீழக்கரைக்குச் சொல்லிவிட்டேன். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். யாராவது தேடி வந்தால், நூகு லெப்பை என்ற வரிக்குப் பக்கத்து ஓரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கட்டுரையை அவர் எழுதிக்கொடுக்கவே இல்லை, கடங்காரர். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி ஒன்றுதான். இப்போதெல்லாம் ஆபீஸில் முத்து என்று கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை. மானேஜர் எரிச்சல்படுகிறார். படட்டும். சேகர் என்று கூப்பிடும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன்.